வாளியில் போன தொப்புள்கொடி

அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் வந்து நிற்கிறேன். ஆனால் இதே இடத்தில் நான் முன்பு சொன்ன சாட்சியை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் மகன் டேவிட்டுக்குத் தலசீமியா. உடம்பில் நல்ல இரத்தம் ஊறாது. மாதம் தவறாமல் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் ஏற்றுவோம். அவனுக்கு ஐந்து வயதானபோது எஸ்தர் என் வயிற்றில் இருந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போதுகூட, "ஆண்டவரே, அவனைப் பிழைக்க வையும்" என்று அழுவேன்.

கிளினிக்கில் டொக்டர் சொன்னார்: "பிள்ள பொறந்ததும் தொப்புள்கொடியில மிச்சம் இருக்கிற ரத்தத்த எடுத்து வைப்போம். பொருந்துனா மூத்தவனுக்குக் குடுக்கலாம். யாருக்கும் வலிக்காதுங்க."

வரிசையில் இருந்த பெண்கள், அதை ஆஸ்பத்திரியில் விற்றுவிடுவார்கள் என்று பயந்தார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. நன்றாகவே விளங்கியது. ஆனால் முந்திய ஞாயிறுதான், சுகத்தைக் காணும் முன்பே சாட்சி சொல்லும் நம் வழக்கப்படி, "டேவிட் சுகமாகிவிட்டான்" என்று இங்கே சொல்லியிருந்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். டொக்டர் சம்மதக் கையெழுத்துக் கேட்பார் என்று சொன்னதும், "இப்ப கையெழுத்து வச்சா நீ சொன்னது பொய்யாயிருமே தங்கச்சி" என்றீர்கள். எனக்கும் என் மானம் பெரிதாய்ப் போனது.

பிரசவ அறையில் நர்ஸ் சம்மதத் தாளை நீட்டினார். "வேணாங்க மிஸ், என் மகன் சுகமாகிட்டான்" என்றேன். தொப்புள்கொடி வாளியில் விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம். டேவிட்டின் வயிறு வீங்கியது, முகம் கறுத்தது. நீங்கள் பார்த்துவிடுவீர்கள் என்று அவனை லயத்து வீட்டிலேயே விட்டுவிட்டு ஆராதனைக்கு வந்தேன். நானெல்லாம் ஒரு தாயா?

கடைசியில் டொக்டர் எஸ்தரைச் சோதித்தார். எல்லாம் பொருந்தியது. இனி அவள் இடுப்பெலும்பிலிருந்துதான் மஜ்ஜை எடுத்து அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். இந்த முறை கையெழுத்து வைத்தேன்.

மஜ்ஜை எடுத்து, மயக்கம் தெளிந்ததும் எஸ்தர் என்னைப் பார்த்தாள். "அம்மா, நான் கொழப்படி, சேட்ட ஒண்ணும் பண்ணலையே. எதுக்குக் குத்துனாங்க?"

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது டேவிட்டுக்கு இரத்தம் ஏற்றுவதில்லை. பாடசாலைக்கு ஓடுகிறான். ஆண்டவருக்கு நன்றி. அவர் அன்றைக்கே பதில் அனுப்பியிருந்தார், நான்தான் தூக்கிப் போட்டேன். மறுபடியும் இரங்கினார். வலியை மட்டும் என் குழந்தை தாங்கினாள்.

மாசமாக இருக்கும் சகோதரிகளே, அவரை நம்புங்கள். டொக்டர் தாளை நீட்டினால் விளக்கமாகக் கேளுங்கள், ஜெபியுங்கள், கையெழுத்து வையுங்கள். இந்த முறை எனக்குக் கைதட்ட வேண்டாம். எஸ்தரின் இடுப்பில் இருக்கும் தழும்பை வந்து பாருங்கள்.