ஆனித் தேர் விடுமுறை

அந்த மின்னஞ்சலைப் படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நானும் நண்பனும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்ட மென்பொருள் அது. அதில் வேலை நாட்களைக் கணக்கிடும் பகுதி தங்களிடம் திருடியது என்று ஒரு சென்னை நிறுவனம் எழுதியிருந்தது. நான் முன்பு அங்கே வேலை பார்த்தவன். அதை வைத்துப் பழி போடுகிறார்கள் என்று குதித்தேன்.

என்னிடம் பலமான சான்று இருந்தது. விடுமுறைப் பட்டியலில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைத் தமிழ்நாடு முழுவதற்குமாகப் போட்டிருந்தேன். எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்கு மட்டும்தான் அன்று லீவு. பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கம், ஊர் உலகத்துக்கே லீவு என்று நினைத்துவிட்டேன். இந்தத் தப்பை நெல்லைக்காரனைத் தவிர எவன் செய்வான்? அவர்களிடமும் அது இருந்தால் திருடர்கள் அவர்கள்தான்.

நண்பனுக்கு மேலப்பாளையத்தில் கணினி பழுது பார்க்கும் கடை. என் பேச்சை நம்பி, தன் பெயரிலேயே எல்லோரும் பார்க்கும்படி பதில் போட்டான். என் கூட்டாளி திருட மாட்டான், உங்கள் நிரலில் ஆனித் தேரைத் தேடிப் பாருங்கள் என்று.

தேடிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் காலையில், நான் கடையில் இருக்கும்போதே பதில் வந்தது. எந்த வரியை யார், என்றைக்குச் சேர்த்தார்கள் என்ற பதிவையும் அனுப்பியிருந்தார்கள். ஆனித் தேர் வரிக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. நாங்கள் இதை ஆரம்பிப்பதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய பென் டிரைவில் கிடந்த கோப்பை அப்படியே எடுத்துப் போட்டவன் நான்தான். நான் தட்டியது, ஆகவே என்னுடையது என்று இருந்துவிட்டேன். தட்டியது அவர்கள் அலுவலகத்தில், அவர்கள் வேலைக்காக. அது நினைவில் இல்லவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்ப முடியவில்லை.

நண்பன் இரண்டு தடவை படித்தான். திட்டியிருந்தால் தேவலை.

"நீ சொன்னன்னுதானலே எழுதுனேன்" என்றான். அவ்வளவுதான்.

உடனே தன் பெயரில் மன்னிப்பு எழுதிப் போட்டு, அந்தப் பகுதியை எடுத்துவிட்டான். இன்றைக்கே புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"நீ தொடக்கூடாதுலே. ஒருக்க எழுதுன கை அதையேதான் திரும்ப எழுதும். நான் ஒத்தையில எழுதுதேன்."

வெற்றுப் பக்கத்தைத் திறந்து விடுமுறைப் பட்டியலில் ஆரம்பித்தான். பொங்கல் போட்டான், ரம்ஜான் போட்டான். ஜூலைக்கு வந்ததும் கை நின்றது. ஆனித் தேரை எங்கே போட என்று கேட்பான் என நினைத்து, பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவன் கேட்கவில்லை. என் கண்ணில் படாதபடி திரையைப் பைய அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.