எங்க ஜீப்புல ஏறிய வேட்பாளர்

இன்னைக்கு போடி பஸ் ஸ்டாண்டுல எங்க வார்டு பழைய கவுன்சிலர் சின்னமணி அண்ணனைப் பார்த்தேன்.

எண்பதுகள்ல அவரு மொதல் தடவையா நின்ன நகராட்சித் தேர்தல் ஞாபகம் வந்துருச்சு. எங்க தெருப் பொம்பளைக எல்லாரும் ஏலக்காய் பறிக்க விடியறதுக்குள்ள ஜீப்புல மலை ஏறிருவோம். பகல்ல ஓட்டு கேட்டு வந்தவங்க பூட்டின கதவைத்தான் கும்பிட்டாங்க. அண்ணன் மட்டும் ஒரு நாள் எங்க ஜீப்புலயே ஏறிட்டாரு.

"தாய்மார்களே"ன்னு ஆரம்பிச்சாரு. மொத வளைவுலயே வாந்தி. போடிமெட்டு போற வரைக்கும் ஒரு வார்த்தை பேச முடியலை.

அவரு தலையைப் பிடிச்சுக்கிட்டே எங்க அத்தை சொல்லுச்சு:

"கொழாய்ல காலையில தண்ணி விடுறாக. அப்ப நாங்க மலையில கெடக்கோம். சாயங்காலம் எறங்கி வந்தா சொட்டுத் தண்ணி இல்ல அப்பு."

செயிச்சதும் மொத வேலையா எங்க தெருவுக்குச் சாயங்காலம் தண்ணி விட வச்சாரு.

ரொம்ப நாளா மனசுல கெடந்ததை இன்னைக்குக் கேட்டுட்டேன்.

"அந்த நெலமையிலயும் அத்தை சொன்னதை எப்படிண்ணே கேட்டீக?"

சிரிச்சாரு. "என்னால பேச முடிஞ்சிருந்தா, உங்க அத்தையைப் பேச விட்டிருப்பேனா தாயி?"

இப்ப ஓட்டு கேட்டு வர்றவங்களையும் ஒரு தடவை மலைக்கு ஏத்தி விட்டுப் பார்ப்போமா? என்ன சொல்றீங்க?