பத்து நிமிஷக்காரி

எங்கள் படகுத்துறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை இருக்கிறது. உள்ளே மூன்று வரிசை அலமாரி, எண்பது ஜோடி பூட்ஸ், ஒரு நீள பெஞ்சு, அதற்கு எதிரே குட்டையாக ஒரு முக்காலி. அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பத்து நிமிஷம். நேரில் அப்படிக் கூப்பிட எங்களில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நான் படகு ஓட்டுகிறவன். வேக்போர்டு என்று ஒரு விளையாட்டு. இரண்டு கால்களையும் பூட்ஸுக்குள் விட்டு, அந்த பூட்ஸைப் பலகையோடு முடுக்கிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் படகு இழுத்துக்கொண்டு போகும், ஆள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே பின்னால் வருவார். கொஞ்சம் தேறியவர்கள் அலைமேல் ஏறித் துள்ளுவதும் உண்டு. மணிக்கு ஆறு பேரை இழுக்க எனக்கு ஆசை. அவள் மனசு வைத்தால் நாலு பேர் வருவார்கள்.

ஏனென்றால் அவள் பூட்ஸை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புகிற ரகமே இல்லை. முதலில் பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்வாள். விரல் நுனி வெளியே வழிந்தால் அந்த நம்பர் அலமாரிக்குத் திரும்பிவிடும். நகம் வளர்ந்திருந்தால் நகவெட்டியை நீட்டுவாள். எப்பேர்ப்பட்ட பெரிய மனிதராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து வெட்டியாக வேண்டும். பிறகு காலில் சோப்புத் தண்ணீர் தடவி பூட்ஸுக்குள் நுழைப்பாள். கீழே ஒரு இறுக்கு, மேலே ஒரு இறுக்கு. முட்டியை மடக்கச் சொல்லி, குதிகால் எழும்புகிறதா என்று பார்ப்பாள். எழும்பினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

"இறுக்கமா இருந்தாத்தான் விரல் நசுங்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, படகண்ணே. லூசா இருந்தா அதைவிட மோசம். துள்ளி எறங்கும்போது கால் முன்னாடி போய் முட்டும். நகம் பேந்துடும்," என்பாள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அந்தப் பத்து நிமிஷம். பூட்ஸைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். சுவரில் கடிகாரம் இருக்கிறது, ஏமாற்ற முடியாது. பத்து நிமிஷம் ஆனதும் ஒரு காலைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்லி, பென்சிலின் பின்பக்கத்தால் ஏதாவது ஒரு விரலைத் தொடுவாள். எந்த விரல் என்று உடனே சொல்ல வேண்டும். தடுமாறினால் கால் மரத்திருக்கிறது, பூட்ஸ் பிடிக்கிறது என்று அர்த்தம். அடுத்த நம்பர் வரும். எனக்கோ படகில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றுவிடும்.

இங்கே வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் செருப்புக் கடையில் வேலை பார்த்தவள். கால் விஷயத்தில் மனிதர்கள் சொல்வது எதையும் நம்பக் கூடாது என்பது அங்கே படித்த பாடம். "போகப் போக சரியாயிடும்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போவாங்க. செருப்பு சரியாகாது அண்ணே, கால்தான் கெட்டுப்போகும்," என்பாள். இங்கே சேர்ந்த புதிதில், சௌகரியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன ஒரு டீச்சர் பெருவிரல் நகம் கன்னங்கரேலென்று திரும்பி வந்தார். வந்தவர் இவளிடம் மன்னிப்பு வேறு கேட்டார். உன்னைப் பத்து ஜோடி எடுக்கவைத்தாயிற்று, இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருந்தது என்றாராம். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பென்சில் வந்தது.

இத்தனைக்கும் அவளுக்கு நீச்சல் தெரியாது. ஏரித் தண்ணீரில் கால் கழுவுவதோடு சரி. ஒரு சுற்று இழுக்கிறேன் வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். "எனக்கு ஏத்த நம்பர் இல்லண்ணே," என்று சிரித்து மழுப்புவாள்.

அவளுடைய அண்ணன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ரூட்டு. பெரிய விபத்து என்ன, ஒரு சைக்கிளில்கூட உரசியது கிடையாது. போன மாதம் ஒரு லீவு நாளில் பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் முன்பே இரண்டு முறை பலகையில் நின்றவள். அப்பாவால் முடியாது என்று அவள் பந்தயம் கட்ட, மனுஷன் ரோஷத்தில் கிளம்பி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்களும் டிரைவர், நானும் டிரைவர். உங்களுக்கு சிக்னல் இல்ல, ஸ்டாப்பிங் இல்ல. குடுத்து வெச்சவரு சார்."

எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

மகள் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு துறையில் என் படகுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே அண்ணனும் தங்கையும் நம்பருக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்படுத்தலாம் என்று வாசலில் போய் நின்றேன். எட்டாம் நம்பர் மெத்தைமேல் அண்ணனின் விரல்கள் அரை அங்குலம் வெளியே வழிந்துகொண்டிருந்தன.

"பத்து போடு அண்ணா."

"நான் எட்டுதான். கல்யாணத்துலயே எட்டுதான் போட்டேன். இதே ரொம்ப சௌகரியமா இருக்கும், குடு."

"அண்ணி, இவரு வீட்டுலயும் எட்டுதான் போடுறாரா?"

"அவரு செருப்பு போடுறதே பெரிய விஷயம்," என்றார் அண்ணி. "போன வாரம் ஒத்தக் கால் செருப்போட வீட்டுக்கு வந்து நிக்கிறாரு. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, அப்பத்தான் குனிஞ்சு பாக்குறாரு."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

பிடிவாதத்துக்கு எட்டையே மாட்டிவிட்டாள். பத்து நிமிஷத்தில் அவரே கதறிக்கொண்டு கழற்றுவார் என்பது அவள் கணக்கு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் புத்தி வந்திருக்கிறது. அவர் கதறவில்லை. டிப்போவில் நடந்த கூத்தெல்லாம் சொல்லிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். ஐந்து நிமிஷம் ஆனது, ஏழு ஆனது. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, சொந்த அண்ணனுக்குமா இந்தச் சட்டம்? அவருதான் நல்லாருக்குன்னு சொல்றாரே, விடேன்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பத்தாவது நிமிஷம் அவரை உட்காரவைத்து வலது பூட்ஸைக் கழற்றினாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளுத்திருந்தன. சுண்டுவிரல் நகம் பாதி உடைந்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அது இன்றைய காயம் இல்லை.

"இது எங்க இடிச்சுக்கிட்ட?"

"எது? இடிச்சேனா?"

அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெளுப்பு மாறும்வரை தேய்த்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. அப்புறம்தான் கண்ணை மூடச் சொன்னாள். அவர் சின்னப் பிள்ளைபோல இறுக்கி மூடிக்கொண்டார். அவள் பெருவிரலைத் தொட்டாள். அவர் பேசவில்லை. அடுத்த விரலைத் தொட்டாள். நடுவிரலைச் சற்று அழுத்தியே தொட்டாள். பென்சில் பதிந்த இடம் குழிந்ததை வாசலிலிருந்தே நான் பார்த்தேன்.

"தொடு சீக்கிரம்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "எவ்ளோ நேரம் இப்படியே உக்கார்றது?"

அவர் கண்ணைத் திறந்தபோது பென்சில் விரல்மேல்தான் இருந்தது. முதலில் பென்சிலைப் பார்த்தார், பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவள் இடது பூட்ஸையும் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். அதில் ஐந்துக்கு இரண்டுதான் சரியாகச் சொன்னார்.

அவள் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால், அந்த எட்டோடு நான் அவரை ஏரி முழுக்க இழுத்திருப்பேன். விரல் ஒடிந்தாலும் தெரியாமல் சிரித்துக்கொண்டே கை ஆட்டியிருப்பார். நானும் பதிலுக்கு ஆட்டியிருப்பேன்.

"எத்தனை நாளா அண்ணா?"

"போன மழைக்காலத்துல இருந்து. லேசா மரத்த மாதிரி இருந்துச்சு. போகப் போக சரியாயிடும்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பிரேக்கு?"

"முட்டிக்குத் தெரியும்ல. அப்பப்ப கீழ குனிஞ்சு ஒரு பார்வை பாத்துக்குவேன். கால் அங்கதான் இருக்கும்."

அண்ணி பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மழைக்காலத்துல இருந்தா? என்கிட்டகூட சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. அங்க எழுதிக் குடுப்பாங்க, டிப்போல சீட்டுல இருந்து எறக்கிடுவாங்க." குரல் இறங்கிவிட்டது. "எனக்கு வேற என்ன தெரியும்? சொல்லு. பஸ்ஸைத் தவிர எனக்கு என்ன தெரியும்?" தங்கையைப் பார்த்து, "யார்கிட்டயும் சொல்லாதடா. இன்னும் ஒரு வருஷம். நான் பாத்து ஓட்டிக்கிறேன்," என்றார்.

அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. ஒரு ஜோடி பூட்ஸைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்தான் பேசினாள்.

"தினம் காலைல நான் உன் பஸ்லதான் வரேன். எனக்குப் பின்னாடி அந்த ஸ்கூல் பிள்ளைங்க ஏறும். என் கண்ணைப் பாத்து, பயப்படாம ஏறுடான்னு நீ சொல்லு. நாளைக்கும் ஏறுறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் அவளைப் பார்க்க முயன்றார். பார்வை ஜன்னல் பக்கம் போய்விட்டது. துறையிலிருந்து மகள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டியின் போனை வாங்கி டிப்போவுக்கு நம்பர் போட்டார்.

"சார், நான்தான் பேசறேன். நாளைக்கு முதல் வண்டிக்கு வேற ஆளைப் போட்டுருங்க... இல்ல சார், ஜுரம் இல்ல. கால்ல உணர்ச்சி இல்ல சார்... ஆமா, வலது கால்தான்... ரொம்ப நாளாவே இல்ல சார்."

அந்தப் பக்கம் ஏதேதோ கேட்டார்கள். அவர் ஏரியைப் பார்த்தபடி ஒவ்வொன்றுக்கும் மெதுவாகப் பதில் சொன்னார். அவ்வளவு நேரமும் அவள் அவருடைய வலது கால் விரல் ஐந்தையும் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியவில்லை.