மூன்றாம் மாடியில் என் ஆட்கள்

கனடாவின் மொன்றியல் நகரில் என்னை இன்னும் குழப்புகிற ஒன்று உண்டு. இங்கே வசதியாக வளர்ந்த பிள்ளைகள் வசதிக்குறைவைத் தேடிப் போகிறார்கள். மெட்ரோவில் எதிரே இருக்கிற பெண்ணின் முதுகுப்பை எவ்வளவு அழுக்கோ, அவ்வளவுக்கு அவள் உலகம் சுற்றியவள். என்னோடு படித்த எத்தியேன், ஏதோவொரு நாட்டில் மூட்டைப்பூச்சி கடித்த தழும்பைச் சட்டையை உயர்த்திக் காட்டுவான். அந்த மயக்கத்தில்தான், இலங்கையில், எங்கள் ஊரில், சண்டை மறுபடி தொடங்கிய வருடம், நானும் அவனோடு பாங்கொக் போகப் பை கட்டினேன். மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். "உந்த மாதிரி அறையளிலை கிடந்துதான் நாங்கள் இஞ்சை வந்து சேர்ந்தனாங்கள். நீ என்னத்துக்கு மோனை திரும்பிப் போறாய்?" எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது.

விடுதி, கால்வாய் நாறும் ஒரு சந்தில் இருந்தது. இருபக்கமும் பழைய மோட்டார் உதிரிப்பாகங்கள் கறுத்த எண்ணெயோடு குவிந்து கிடக்கும். நடுவே நூடில்ஸ் சூப் விற்கிற பெண், எத்தியேன் மிளகாய்க்குக் கண் கலங்கினால் கைதட்டிச் சிரிப்பாள். நான் கலங்காவிட்டால் இன்னொரு கரண்டி தூள் போடுவாள். அவ்வளவு அன்பான ஊர். விடுதிக்காரியும் அப்படித்தான். எத்தியேனுக்கு இரண்டாம் மாடிச் சாவியைக் கொடுத்தாள். என் கடவுச்சீட்டைத் திறக்கவேயில்லை. முகத்தைப் பார்த்தாள், மூன்றாம் மாடிச் சாவியை நீட்டினாள். "அப், அப்! யுவர் பீப்பிள்!" நாங்கள் இருவரும் ஒன்றாக வந்தவர்கள் என்று எத்தியேன் மன்றாட, அவள் இன்னும் கனிவாகத் தலையாட்டினாள்.

மேலே ஐந்தாறு தமிழர்கள், ஒரு ரைஸ் குக்கர், சொதி வாசம். மன்னாரைச் சேர்ந்த தேவா அண்ணை பாயைத் தட்டிப் போட்டார்.

"வாரும் தம்பி. ஆர் உம்மட ஏஜென்சி?"

ஆட்களைக் களவாக வெளிநாடு அனுப்புகிறவன்தான் ஏஜென்சி. எங்கள் வீடுகளில் அது குழந்தைக்கும் தெரியும்.

"இல்லை அண்ணை, நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தனான்."

அறையே வெடித்துச் சிரித்தது. "எயார்போட்டிலை சொல்லத் தந்ததை எங்களிட்டையும் சொல்லுறார் பார்!"

ரோசத்தில் கனடாக் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. தேவா அண்ணை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய மனைவியும் மகளும் ஊரில் ஷெல்லடிக்குள் இருந்தார்கள். அவர் ஒருமுறை விமான நிலையத்தில் பிடிபட்டு, ஒரு வருடத்துக்கு மேலாக இங்கேயே கிடந்தார். "எனக்கும் உமக்கும் மூக்குத்தான் கொஞ்சம் வித்தியாசம்," என்றார். பிறகு மெதுவாக, "துலைஞ்சுபோச்செண்டு எம்பசியிலை சொன்னா, உமக்குப் புதுசு தருவாங்கள், தம்பி."

"என்னாலை ஏலாது அண்ணை."

அது நேர்மையா, பயமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அப்பா யாருடைய படம் போட்ட கடவுச்சீட்டோடு கனடா வந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் கோபிக்கவில்லை. "சரி விடும். ஏஜென்சி வேறை மொன்றியல் பாஸ்போட் ஒண்டு பாக்கிறான். கேள்வி கேட்டாவது என்னைப் பழக்கும்."

அன்று பின்னேரம் முழுக்க நான்தான் விமான நிலைய அதிகாரி. எங்கே இருக்கிறாய்? "லாசால்." எந்த மெட்ரோ? "பச்சை லைன், கடைசித் தரிப்பு." பால் எங்கே வாங்குவாய்? "மூலைத் தெபனேர் கடையிலை. பொன்சூர் சொல்லித்தான் உள்ளை போகவேணும்." என் வாழ்க்கை அவருக்கு ஒரு மணித்தியாலத்தில் பாடமாகிவிட்டது. ஒருதரம் அவர் பிழைவிட்டபோது, "திரும்பச் சொல்!" என்று அதட்டினேன். வயதில் மூத்தவரை ஒருமையில். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் திகைத்துப்போனேன்.

"நல்லா மிரட்டுறீர்," என்று சிரித்தார். "இனி நான் கேக்கிறன். எழும்பி நில்லும்."

நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினார். கடவுச்சீட்டைக் கொடுத்தேன். படம், முகம், படம்.

"உன்ர வீடு எங்கை?"

"மொன்றியல். ஆனா அப்பாவின்ர ஊர்..."

"தயங்கிறீர் தம்பி. இந்தக் கேள்வியிலைதான் என்னைப் பிடிச்சவங்கள்."

கடவுச்சீட்டு அவர் கையிலேயே இருந்தது. கீழே எத்தியேன் பிரெஞ்சில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அசையாமல் நின்றேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி முடித்து, அவர் அதை மூடித் திருப்பித் தந்தார். இரண்டு கையாலும் வாங்கினேன்.

"தாங்க் யூ, சேர்," என்றது என் வாய்.