ஜான்சி அக்கா கேட்ட சம்பளம்

ஜான்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாராவியில் அந்தச் சந்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அவள் குரல் கேட்கவில்லையென்றால், அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று எதிர் ரூம் சங்கரேஸ்வரி எட்டிப் பார்ப்பாள். வரிசையில் இடையில் புகுந்தவளையும், பைக்கைச் சந்துக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து புகை விடுகிறவனையும் தமிழில் தொடங்கி ஹிந்தியில் முடித்து ஒரு வழி பண்ணிவிடுவாள். அதே சந்தில் யாருக்காவது பிரசவ வலி என்றால் டாக்ஸி பிடிக்க முதலில் ஓடுகிறவளும் அவள்தான். திட்டிக்கொண்டேதான் ஓடுவாள்.

திசையன்விளைப் பக்கமிருந்து கல்யாணம் முடிந்த கையோடு பம்பாய்க்கு வந்தவள். இப்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று. புருஷன் ஞானசீலன் தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தார். பாவம், நல்ல மனுஷர், நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. ஊருக்கு வந்துவிடு என்று கூடப்பிறந்தவர்கள் கூப்பிட்டபோது, "அங்க வந்து நான் யாருகூட சண்ட போட?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள்.

தையல் பட்டறைகளிலிருந்து மூட்டையாக வரும் சட்டைகளில் பிசிறு நூலை வெட்டி மடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அதற்கான கூலியில் யாரும் அவளை ஏமாற்ற முடியாது. ஆனால் ஒருவருக்கு உதவியாகச் செய்ததற்குக் காசு நீட்டினால் போச்சு, அன்றோடு அந்த ஆளிடம் பேச்சு கிடையாது.

அவள் ரூமுக்கு மேலே, வெளியே சாத்தியிருக்கும் இரும்பு ஏணியில் ஏறினால், ஏஞ்சலோவும் ஆனியும் வாடகைக்கு இருந்தார்கள். ஏஞ்சலோ லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். ஆனி சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்களுக்கு எவா பிறந்து ஆறு மாதத்தில் ஆனி மறுபடி டியூட்டிக்குப் போக வேண்டி வந்தது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. ஜான்சி ஏணியில் ஏறிப் போனாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள், அவ்வளவுதான். இப்போது எவாவுக்கு மூன்று வயது. ஜான்சியைப் பெரியம்மா என்று கூப்பிடும். பெரியம்மாவைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பூனையைத் திட்டும்.

காசுப் பேச்சு இல்லையே தவிர, மேலேயும் கீழேயும் கிண்ணங்கள் போய் வந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆனி கறிக்குழம்பு அனுப்புவாள். அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பாது. அந்தச் சந்தில் யார் வீட்டுப் பாத்திரமும் வெறுமனே திரும்பாது. வேறொன்றும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள்.

ஏஞ்சலோ தங்கமான பையன். ஆனால் எதை வாங்கினாலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விடமாட்டான். ஒரு டேபிள் ஃபேனுக்காகக் குர்லாவும் சயானும் செம்பூருமாக அலைந்து, கடைசியில் கோடை முடிந்த பிறகுதான் வாங்கினான். செம்பூர் காலனியில் நல்ல வீடாகப் போகலாம் என்று ஆனி இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அவன் கணக்குப் போட்டுப் பார்த்து, அங்கே போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் வைக்க வேண்டும், கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டான்.

இப்போது அயர்லாந்திலிருந்து ஆனிக்கு வேலை வந்திருந்தது. குடும்பத்தோடு வரலாம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனியோடு வேலை பார்த்து அங்கே போய்விட்ட சஃப்ரீன் ஒவ்வொரு செலவையும் போனில் சொல்லச் சொல்ல, ஏஞ்சலோ சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு ஒப்பிட உட்கார்ந்துவிடுவான். மேல் ரூம் தரை வெறும் பலகையும் தகடும்தான். அங்கே பேசுவது அத்தனையும் கீழே நூல் வெட்டிக்கொண்டிருக்கிற ஜான்சிக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருக்க அவளும் முயற்சி செய்ததில்லை.

"வாடகை ஒன்னர லட்சம், ஆனி! நாம இந்த ரூமுக்குக் குடுக்குதது எட்டாயிரம்."

"அங்க வீட்டுக்குள்ளயே கக்கூஸ் இருக்கும். காலைல டப்பாவத் தூக்கிட்டு வரிசைல நிக்காண்டாம்."

"முடி வெட்ட ரெண்டாயிரம் கேக்கானாம்."

"நான் வெட்டி விடுதேன்."

"நீ வெட்டுனா நான் வேலைக்குப் போன மாதிரிதான்."

கீழே ஜான்சி சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். உருளைக்கிழங்கு, கரண்ட், டிரெயின் பாஸ் என்று ஏஞ்சலோ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான்.

"சம்பளமும்தான் எக்கச்சக்கமா வருது, இல்லங்கல. ஆனா பிள்ளையப் பாத்துக்கிட மாசம் ஒரு லட்சத்துக்குக் கிட்ட போயிருமாம். இங்க எவ்வளவு? சைபர். அந்த ஒண்ணுலயே எல்லாம் கவுந்துருதுல்லா? இங்கயே இருக்கலாம், ஆனி."

ஆனி டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அங்க போனா எவாவுக்கு மூச்சு ஒழுங்கா வரும். அத எந்தக் கணக்குல சேப்பிய?" என்று கேட்டாள். 

எவாவுக்கு இளைப்பு இருந்தது. பக்கத்துச் சந்துப் பட்டறைகளில் புகை கிளம்பினாலும், மழைக்காலத்தில் சுவர் ஓதம் பூத்தாலும் பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். நெபுலைசர் மெஷின் ஜான்சியின் ரூமில்தான் இருந்தது.

ஆனால் அன்றைக்கு ஜான்சியின் காதில் விழுந்தது "இங்கயே இருக்கலாம்" என்பது மட்டும்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏசப்பா, எவா எங்கேயும் போகாது! பாமாலை ஒன்றைச் சத்தமாகப் பாடிக்கொண்டே மிச்சச் சட்டைகளை மடித்து முடித்தாள்.

அந்தச் சந்தோஷத்தை மறுநாளே ஏஞ்சலோ கெடுத்தான். சைபர் என்று போட்டது அவனுக்கே மனசுக்குச் சரியாகப் படவில்லை போலிருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது ஜான்சியின் ரூம் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். எவாவப் பாத்துக்கிட நீங்க காசு வாங்குனா, எவ்வளவு வாங்குவிய?"

"என்னல கேட்ட?"

"இல்லக்கா, சும்மா ஒரு ரேட்டு..."

"ரேட்டா? ஏலே, நான் என்ன கடையா விரிச்சிருக்கேன்? செருப்பு பிஞ்சிரும், ஓடிரு! சல், நிகல்!"

ஏஞ்சலோ டூல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனி அனுப்பிய கறிக்குழம்புக் கிண்ணம் கழுவித் துடைத்து வெறுங்கிண்ணமாகத் திரும்பி வந்தது. "மேலயும் கீழயும் என்னமோ நடந்துருக்கு," என்று சங்கரேஸ்வரி குழாயடியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். கோபம் ஏஞ்சலோவிடம் மட்டும்தான். எவா வழக்கம்போல ஏணியிலிருந்து இறங்கி வந்து அவள் மடியில் உட்கார்ந்து பால் குடித்தது.

புதன்கிழமை மத்தியானம் பிள்ளைக்கு இளைப்பு வந்தது. பக்கத்தில் யாரோ பிளாஸ்டிக்கைக் கொளுத்தியிருந்தார்கள். ஜான்சி மெஷினைப் போட்டு முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பிடித்தாள். பிள்ளைக்கு விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. ஒரு மருந்து முடிந்தும் அடங்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டு டாக்டரிடம் ஓடினாள். வழியில் யாரையும் திட்டவில்லை. ஊசி போட்டு மூச்சு சீராக இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் எவா பெரியம்மாவின் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

டியூட்டி முடிந்து வந்த ஆனி, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனில் சஃப்ரீன் அனுப்பியிருந்த வீடியோவைக் காட்டினாள். சஃப்ரீனின் மகன் ஒரு பெரிய புல்வெளியில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

"இவனும் இங்க இருக்கையில நம்ம எவா மாதிரிதான்க்கா. வாரத்துக்கு ஒரு தடவ எங்க வார்டுக்குத் தூக்கிட்டு வருவா."

"இப்ப?"

"இப்ப மூச்சு பம்ப் எடுக்கதே எப்பவாச்சும்தானாம்."

ஜான்சி அந்த வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னாள். ஓடி முடித்து நின்ற பையனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று போனை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். வாங்கியது, ஓடிய பிள்ளைக்கு வாங்குகிற அளவுக்கு.

ஆனி மேலே போன பிறகு ஜான்சிக்கு வேலை ஓடவில்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை இந்தப் புகைக்குள் பிடித்து வைத்திருப்பது வேறு யாருமில்லை, நான்தான் என்று அவளுக்குப் பட்டது. நான் சும்மா பார்த்துக்கொள்வதால்தான் செம்பூரும் கட்டுப்படியாகவில்லை, அயர்லாந்தும் கட்டுப்படியாகவில்லை. போங்கள் என்று வாயால் சொன்னால் ஏஞ்சலோ கேட்க மாட்டான். உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போவோமா என்று உட்கார்ந்துவிடுவான். அவன் கேட்பது கணக்கை மட்டும்தான். அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லோரும் சந்துக்குத் திரும்பி வந்தார்கள். ஜான்சி நல்ல சேலையோடு ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, எதிர் ரூமுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஏஞ்சலோ! அன்னைக்கு ரேட்டு கேட்டேல்லா? அடுத்த மாசத்துலேர்ந்து இருவத்தஞ்சாயிரம் குடுத்துரு. ஆனிக்கு நைட் டியூட்டின்னா அதுக்குத் தனி."

ஏஞ்சலோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, வெளையாடாதிய."

"எனக்கென்ன வெளையாட்டு? வயசாவுதுல்லா, நாளைக்கு என்னை யாரு பாப்பா? இஷ்டம் இருந்தா குடு, இல்லன்னா வேற ஆளப் பாரு."

"எவா ஒங்க பிள்ளன்னு சொல்லுவியளே அக்கா."

 ஜான்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "பிள்ள வேற, காசு வேற," என்றாள்.

சங்கரேஸ்வரி வாயில் கை வைத்தாள். மத்தியானத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் பாசமாக நடித்துக் கடைசியில் புத்தியைக் காட்டிவிட்டாள் என்றார்கள். பட்டறையிலிருந்து மூட்டை கொண்டுவருகிற காசிம்கூட, "க்யா ஹுவா ஜான்சி பாயி?" என்று, என்ன ஆயிற்று உனக்கு என்கிற மாதிரி ஒரு தினுசாகக் கேட்டான். எல்லோரையும் வாயாலேயே அடக்கி வைத்திருந்தவள் அன்றைக்கு ஒருவருக்கும் பதில் சொல்லாமல் கதவை ஒருச்சாய்த்துக்கொண்டு உள்ளே இருந்தாள்.

மேலே ஏஞ்சலோ கோபமாக நடக்கிற சத்தம் கேட்டது.

"இப்பிடிக் கேட்டுட்டாவளே! ஊரெல்லாம் கேக்க! இவ்வளவு குடுத்தா இங்க மிச்சம்னு ஒண்ணும் நிக்காது ஆனி. வேற ஆளு வச்சாலும் இதேதான் கேப்பாவ. அங்கயாவது கையில ஏதோ நிக்கும், பிள்ளைக்கும் நல்லாருக்கும். வரோம்னு எழுதிரு. இன்னைக்கே எழுதிரு."

ஜான்சி கண்ணை மூடி, ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றாள். சந்தோஷமாகத்தான் சொல்லப் பார்த்தாள். 

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆனி ஏணியில் இறங்கி வந்தாள். கையில் ஒரு கவர். கதவைச் சாத்திவிட்டு ஜான்சிக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"இந்த மாசத்துக்கும் சேத்துக் குடுத்துரச் சொன்னாரு. ஒரு ரூபா பாக்கி வைக்கக் கூடாதாம்."

"அதெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கிடலாம். கொண்டு போடி," என்றாள் ஜான்சி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஆனி கவரை அவள் மடியில் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பலகைக்கு மேலே கேட்காதபடி சொன்னாள்.

"வாங்கிக்கோங்கக்கா. வாங்கலன்னா நீங்க எதுக்காகக் கேட்டியன்னு அவரு கண்டுபிடிச்சிருவாரு."

ஜான்சி நிமிர்ந்து பார்த்தாள். ஆனி அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.  பிறகு ஜான்சி கவரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆனி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேலேயிருந்து ஏஞ்சலோவின் குரல் கேட்டது.

"வாங்கிட்டாவளா?"

"வாங்கிட்டாவ," என்றாள் ஆனி. "எண்ணிப் பாத்துதான் வாங்குனாவ."