கையெழுத்துப் போடாத அக்காவும் கூட்டிவரப் போன நானும்

ஞாயிறு, காலை 5.10. நாசரேத்தில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். அப்பா இரண்டே வழி சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, அக்காவைக் கையெழுத்துப் போட வைக்க வேண்டும். முடியாவிட்டால் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கூட்டி வர வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை. உரக்கடையில் பில் எழுதும் எனக்கும் தோன்றவில்லை.

அக்கா ஜெயராணிக்கு முப்பத்துநான்கு வயது. அத்தான் காய்ச்சலில் போன பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பிழைக்கப் போனவள். அங்கே நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான பனியன் சட்டைகள் தைக்கிறாள். சனிக்கிழமை அவள் மெஷினில் ஊசி முறிந்தது. முறிந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி நோட்டில் ஒட்டி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் தைத்த துணியையெல்லாம் பிரித்துத் தேட வேண்டும். அன்று ஒரு துண்டு குறைந்தது. திங்கள் மாலை சரக்கு கப்பலுக்குப் போக வேண்டும். மேனேஜர் வேறு ஊசியின் துண்டை நீட்டி, இதை ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அக்கா மாட்டேன் என்றாள். திங்கள் காலைவரை கெடு. இல்லையென்றால் வேலை இல்லை. நெருப்பெரிச்சலில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது என்றும் சொல்லிவிட்டாராம்.

திருநெல்வேலியிலிருந்து திருப்பூருக்கு டிக்கெட் நூற்றிருபது ரூபாய். என் தைரியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஒன்பது வயதில், கர்த்தர் காப்பார் என்று பைபிள் சொல்லும் தொண்ணூற்றோராம் சங்கீதத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து, ஞாயிறு பள்ளியில் பிளாஸ்டிக் சோப்பு டப்பா வென்றவன் நான். ஒட்டன்சத்திரம் தாண்டி டிரைவர் ஒரு தக்காளி லாரியை முந்தியபோது, பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாது என்ற அந்த வசனம் நினைவுக்கு வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கால்தான் கைக்கு வந்தது.

"விடுங்க தம்பி, அது என்னோடதுங்க" என்றார் அவர்.

மாலை 3.40, திருப்பூர். அங்கிருந்து டவுன் பஸ், நாலு ரூபாய். சுவரெல்லாம் 'டெய்லர் தேவை', 'செக்கிங் ஆட்கள் தேவை' என்று எழுதியிருந்தது. இத்தனை தேவைகளுக்கு நடுவில் என் அக்கா ஒருத்தி தேவையில்லாமல் போகப்போகிறாள்.

வரிசை வீடுகளில் கடைசி அவளுடையது. ஓர் அறை, அதிலேயே சமையல், படுக்கை, மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள்.

"என்னல, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு? பஸ்ஸைத் தள்ளிட்டு வந்தியா?"

"அக்கா, கையெழுத்தப் போட்டுரு."

"மொதல்ல காப்பியக் குடி. அப்புறம் பயப்படு."

காப்பி முடிந்ததும் என் ஒரே ஆயுதத்தை எடுத்தேன். தொண்ணூற்றோராம் சங்கீதத்தை முழுசாகச் சொல்லி, "பாத்தியா, கால் கல்லுல இடறாம தூதர்கள் தாங்குவாங்களாம். ஒரு கையெழுத்துக்கா தாங்க மாட்டாங்க?" என்றேன்.

"இதே வசனத்தச் சொல்லித்தாம்ல பிசாசு இயேசுவக் கோபுரத்துல இருந்து குதிக்கச் சொன்னான். ஒனக்கு சோப்பு டப்பாவாவது கெடச்சுது, அவனுக்கு அதுவும் கெடைக்கல."

அக்கா மகள் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்தாள்.

அக்கா சுவரைக் காட்டினாள். வருஷப் பிறப்பன்று சபையில் ஆளுக்கொன்று எடுக்கும், பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருந்தது. அந்த வருஷம் அவளுக்கு வந்தது தானியேல் புத்தகத்து வசனம். ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று பேரை எரியும் சூளையில் போடப்போகிறார்கள். எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று அவர்கள் சொல்கிற வசனம். ரோஜாப்பூப் படம், தங்க எழுத்து. அதற்குக் கீழே அட்டை முடிந்த இடத்தில், சுவரிலேயே பால்பாயிண்டில் அக்கா எழுதி வைத்திருந்தாள்: விடுவிக்காமல் போனாலும் வணங்க மாட்டோம்.

"அடுத்த வசனம்ல இது. அட்டையில போட மாட்டாங்க. போட்டா யாரு எடுப்பா? நாமெல்லாம் பாதியோட நிறுத்திப் படிச்ச கூட்டம்."

உண்மைதான். சூளைக் கதையை நூறு முறை கேட்டிருக்கிறேன். அவர்கள் தலைமுடிகூடக் கருகாமல் வெளியே வருவது தெரிந்திருந்ததால், உள்ளே போகும்போது அவர்களுக்கு அது தெரியாது என்று யோசித்ததே இல்லை.

"பயமா இல்லையாக்கா?"

"இருக்கு. புள்ளை படிப்ப நெனச்சா வயிறு எரியுது. அதுக்காக, எவன் புள்ளைக் கழுத்திலயோ ஊசியத் தச்சு அனுப்பச் சொல்றியா?"

திங்கள், காலை 8.25. கம்பெனிக்கு எதிர்த்த பேக்கரியில் நின்று தூரத்திலிருந்து ஆதரவு தருவதாகத்தான் ஏற்பாடு. என் கால்கள் எப்படியோ கேட்டுக்குள் போய்விட்டன. மேனேஜர் வெள்ளைச் சட்டையில் நின்றார்.

"ஏனுங்க ஜெயராணி, ரோசனை பண்ணுனீங்களாங்க? ஒரே ஒரு கையெழுத்துதானுங்க."

"போட மாட்டேன் சார்."

"அப்படீன்னா நீங்க வேலைய விட்டு நின்னுக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் அவருடைய ஏழு தலைமுறையையும் கூடவே அனுப்புவார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் 'ங்க' போடும் ஊரை அன்றுதான் பார்த்தேன். அக்காவுக்காக மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சார், அந்தச் சட்டைய ஒங்க புள்ளைக்குப் போடுவீங்களா?" என்று வந்தது. யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பிறகு அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மேனேஜர் நோட்டை, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் சரசக்காவிடம் நீட்டினார். நெற்றி நிறையத் திருநீறு. சென்னிமலைப் பக்கத்து நெசவுக் குடும்பம். தைத்தவள் கையெழுத்துக்குக் கீழே, துண்டைப் பார்த்தேன் என்று அவரும் போட வேண்டும்.

"அந்தப் புள்ளை கையெழுத்த வேற யாராச்சும் போட்டுக்குவாங்க. நீங்க போடுங்க சரசக்கா."

"பாக்காத துண்டப் பாத்தேன்னு எப்படீங்க எழுதறது? நாளைக்கு மலையேறிப் போயி முருகங்கிட்ட நான் என்னத்தச் சொல்றதுங்க?"

செக்கிங் கையெழுத்து இல்லாமல் பெட்டியை ஒட்ட முடியாது. மேனேஜர் நோட்டை மூடினார். எங்களை வெளியே போகச் சொன்னார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

பகல் 12.30. பேக்கரியில் உட்கார்ந்திருந்த எங்களிடம் சரசக்கா வேர்வையோடு வந்தார்.

"கண்ணு, பெட்டி பூராத்தையும் பிரிச்சாச்சு. துண்டு கெடச்சிருச்சு. ஒரு சட்டையோட கழுத்துப் பட்டிக்குள்ள நிமுந்து நின்னுது, பாத்துக்க."

அக்கா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள்.

"உன்னையச் சேத்திக்கச் சொல்லிக் கேட்டேன் கண்ணு. முடியாதுன்னுட்டாரு."

"அது கெடக்கட்டுங்க. எங்கயோ ஒரு புள்ளை தப்பிச்சுதே."

வழி நெடுக நான் எதிர்பார்த்துக்கொண்டு வந்த பாதுகாப்பு வந்துவிட்டது. எங்கள் விலாசத்துக்கு வரவில்லை; கடல் தாண்டி ஏதோ ஒரு தொட்டிலுக்குப் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அக்காவோ கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, 'டெய்லர் தேவை' என்று எழுதிய பக்கத்துக் கம்பெனிக் கேட்டில் போய் நின்றாள். முந்தின வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். அருமையான பொய் ஒன்றை நான் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவள் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். இடமில்லை என்றார்கள்.

அவள் அடுத்த கேட்டுக்கு நடந்தாள். "நீ பஸ்ஸப் பிடி. கூட நின்னு நடுங்காத, எடுக்கிறவனும் எடுக்க மாட்டான்" என்றாள்.

மாலை 3.15. மதுரை பஸ்ஸில் ஜன்னலோர இடம். எங்கள் ஊரில் கர்த்தர் காப்பார் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்வோம். அத்தனை சத்தத்திலும் என் பயம் ஒருநாளும் எழுந்து போனதில்லை. அன்று அது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கீங்க வந்துட்டுப் போறீங்க?"

"எங்க அக்காவ ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"அக்கா எங்கீங்க?"

"அவ வேல போயிட்டுது. தேடிக்கிட்டு இருக்கா!"

நெஞ்சை நிமிர்த்தி, பஸ்ஸில் நாலு பேருக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னேன். பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.