லோகேஸ்வரியும் தெளிந்த எண்ணெயும்

என் மனைவி லோகேஸ்வரி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களிடம், கடையில் பொரித்து மிஞ்சின எண்ணெயை லாரிக்கு ஊற்றும் டீசலாக மாற்றுகிறாள் என்று சொல்லிவிடுவேன். அவளுக்கு இது பிடிக்காது. மாற்றுவது தன் வேலை இல்லையாம். அந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறது, எதனால் வேகம் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று பார்ப்பதுதான் தன் வேலையாம். கல்யாணப் பந்தியில் இதையெல்லாம் யார் கேட்பார்கள்? நான் டீசலோடு நிறுத்திக்கொள்வேன்.

செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இரசாயனப் பொறியியல் படித்து, இப்போது முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள். கெராங் என்று நாங்கள் அவித்துத் தின்னும் சிப்பியின் ஓடுகளை உலையில் சுட்டுப் பொடியாக்கி, அதைத்தான் வினையூக்கியாகப் போடுகிறாள். எண்ணெயும் மெத்தனாலும் தாமாகச் சேர்ந்து டீசலாக ரொம்ப நாளாகும். இந்தப் பொடி இருந்தால் மளமளவென்று வேலை முடியும். கையுறைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் எனக்கே இது விளங்கிவிட்டது.

எண்ணெய் தருபவர்கள், பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அபூபக்கர் அண்ணனும் அவர் மனைவி கைருன்னிசா அக்காவும். கோழி பொரித்த எண்ணெய், பால் சேர்க்காத கட்டங்காப்பி போலக் கறுத்திருக்கும். ஒருநாள் லோகா ஆய்வுக்கூடத்தின் படத்தைக் கைப்பேசியில் அக்காவிடம் காட்டினாள். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் என்பதால் போத்தல்தோறும் கடைப் பெயரை ஒட்டியிருந்தாள். அக்கா உற்றுப் பார்த்தார், சிரித்தார், எங்களுக்கு நுரை பொங்க ஆற்றின தே தாரேக் டீ கொண்டுவரச் சொன்னார்.

அதற்கப்புறம்தான் கெட்ட காலம் பிடித்தது. சுறுசுறுப்பாக முடிந்துகொண்டிருந்த வினை பாதியிலேயே படுத்துக்கொண்டது. லோகா உலையைச் சந்தேகப்பட்டாள், வெப்பமானியைச் சந்தேகப்பட்டாள், பொடியில் காற்றுப் பட்டுவிட்டதோ என்று புதிதாகச் சுட்டுப் பார்த்தாள். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். முதலில் கிடைத்த நல்ல முடிவுகள், தான் தப்பாக அளந்ததால் வந்தவையோ என்று பயம்.

அந்த முடிவுகளை வைத்து எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டிருந்தது. அதே முடிவு மறுபடி வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதுதான் நேர்மை என்று அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் புவனேஸ்வரன் சொல்லிவிட்டார். மனுஷர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியாவது ஆறியிருப்பாள். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், சந்தையில் கெராங் விற்பவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

எண்ணெயின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு டின்னையும் சோதித்தாள். எப்போதும் ஒரே மாதிரி இருந்ததால் விட்டுவிட்டாள். இப்போதோ அது முன்பைவிடத் தெளிவாக வந்துகொண்டிருந்தது. நல்லதாகிவிட்ட பொருளை யார் குறை சொல்வார்கள்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோதனையையே நிறுத்திவிடுவதென்று முடிவுசெய்து, இனிமேல் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லக் கடைக்குப் போனோம். அக்கா பின்பக்கம் இருந்தார். பெரிய சட்டியில் எங்களுக்குத் தர வேண்டிய எண்ணெய். அதில் புளியைக் கரைத்து ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வடிகட்ட வெள்ளைத் துணி.

லோகா அப்படியே நின்றுவிட்டாள். எப்போதிருந்து இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நீ போட்டோ காட்டுனியே, அதுலேருந்துதாம்மா. யுனிவர்சிட்டில நம்ம கடைப் பேர ஒட்டி வெச்சிருக்க, உள்ள பாத்தா கன்னங்கரேல்னு எண்ணெய். எனக்கு மாலுவா போச்சு லா, வெக்கமா இருந்துச்சு. அதான் கழுவிக் குடுத்தேன்."

லோகா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் பதறிப்போனேன். பிறகுதான் கவனித்தேன், அழுகைக்கு நடுவே சிரிக்கிறாள். அவளுடைய பொடிக்குப் புளிப்பு ஆகாது. புளிப்பும் ஈரமும் பட்டால் பொடி அவற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். எண்ணெயைக் கவனிக்க மிச்சம் இருக்காது. புளியால்தான் சோதனை கெட்டது என்று மட்டும் கடையில் சொன்னாள், மிச்சத்தை வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் சொன்னாள். நாங்கள் கடையிலிருந்து கிளம்பியபோது அக்கா, படிக்கிற பிள்ளையின் வேலையைக் கெடுத்துவிட்டேனே என்று கையைப் பிசைந்துகொண்டு வாசல்வரை வந்தார்.

திங்கட்கிழமை கழுவாத எண்ணெயைக் கொண்டுபோனாள். பழைய வேகம் அப்படியே வந்தது. மறுநாளும் வந்தது. கட்டுரை இருக்கட்டும் என்றார் பேராசிரியர். கெட்ட சோதனைகளையும் வீசிவிடாதே, புளிப்பு வினையூக்கியை எப்படி மந்தமாக்குகிறது என்று தனி அத்தியாயமே எழுதலாம் என்றாராம். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனோம். அக்கா எங்களைக் கண்டதும், எல்லாம் தன்னால்தானே என்று மறுபடி ஆரம்பித்தார். லோகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒன்னும் கெடுக்கலக்கா. நான் எழுதுனது பொய்யோன்னு இத்தன நாளா செத்துக்கிட்டிருந்தேன். பொய் இல்லக்கா."

அக்காவுக்கு அதில் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. லோகாவைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார்.